சொல்லாமல் எழும்பி வந்த குர்திஷ் ரீச்சர்

என்ர தங்கச்சி பிறேமினி லண்டனிலை ஒரு யூனிவேர்சிற்றியிலை குர்திஷ் இலக்கியம் படிப்பிக்கிறாள். ஞாயிறு பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசலிலை நிக்கேக்கை இதை ஆருக்காவது சொன்னால், அவையளின்ர முகம் போற போக்கைப் பாக்கவேணும்.

"குர்திஷோ? அது எந்த நாடு?"

"நாடு இல்லை. நாலு நாட்டுக்கை பிரிஞ்சு கிடக்கிற சனம்."

"நாடில்லாத பாஷைக்கு யூனிவேர்சிற்றியிலை என்ன வேலை?"

கேக்கிறது ஆரெண்டு பாத்தால், மன்னாராலை ராவோடை ராவா வள்ளம் ஏறி வந்த மனிசி. எனக்கு வாய் வரைக்கும் வரும். கோயில் வாசல் எண்டு விழுங்கிக்கொள்ளுவன்.

நான் றொசாந்தி, அவளுக்கு அக்கா. இல்ஃபோர்ட்டிலை ஒரு டொக்டரின்ர சேர்ஜரியிலை, எண்டால் கிளினிக்கிலை, ரிசெப்ஷனிலை இருக்கிறன். காலமை போன் லைன் திறந்த நேரம் தொடங்கி ஆக்களிட்டைப் பேச்சு வாங்கிறதுதான் வேலை. எனக்குப் பொறுமை இல்லையெண்டு வீட்டிலை சொல்லுவினம். இருக்கிற பொறுமையெல்லாம் சேர்ஜரியிலையே முடிஞ்சுபோகுது, வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இல்லை, நான் என்ன செய்ய?

நாங்கள் லண்டனிலை எட்மண்டன் பக்கம் வந்து இறங்கேக்கை பிறேமிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்திலை இங்கிலீஷ் தெரியாத பிள்ளையளை ஒரு மேசையிலை இருத்திவிட்டிச்சினம். அந்த மேசையிலை மற்றதெல்லாம் குர்திஷ் பிள்ளையள். இவளும் அதுகளின்ர ஆள்தான் எண்டு ரீச்சர் நினைச்சிருக்கிறா போலை, ஒரு நாளும் மாத்தேல்லை. பக்கத்திலை இருந்தவள் பெர்ஃபின், இண்டைக்கும் அவள்தான் இவளின்ர உயிர்ச் சிநேகிதி. கொஞ்ச மாசம் போக அம்மா ஆசையாக் கேட்டா, "பிள்ளை, இங்கிலீஷிலை ஏதும் கதை, கேப்பம்" எண்டு. இவள் கடகடவெண்டு பொரிஞ்சு தள்ளினாள். அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கேலாமல் அடுத்த நாளே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க விட்டா. கடைக்கார வெள்ளைக்காரன் முழிக்கிறான். பாத்தால் இவள் கதைச்சது முழுக்கக் குர்திஷ்! அம்மா கடை வாசலிலையே தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருந்திட்டா.

பேந்து இங்கிலீஷும் வந்துது, எல்லாம் வந்துது. ஆனால் முதல் வந்தது போகேல்லை. யூனிவேர்சிற்றிக்குப் போற வயசிலை பெர்ஃபின் பார்மசி படிக்கப் போனாள், எங்கடையாள் குர்திஷ் படிக்கப் போனாள். குர்திஷ்காரி மருந்துக்கடை வைச்சிருக்கிறாள், மன்னார்க்காரி குர்திஷ் படிப்பிக்கிறாள். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஒருக்கா அவளின்ர வகுப்பிலை பின்னாலை போய் இருந்து பாத்தனான். சின்ன அறை, ஒரு ஹீற்றர், அதுவும் சூடில்லை. வகுப்பிலை ஒரு கைப்பிடி பிள்ளையள். முக்கால்வாசி லண்டனிலை பிறந்த குர்திஷ் பிள்ளையள்தான். வீட்டிலை கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. தாய் தகப்பனுக்கும் தெரியாது. ஊரிலை அந்தப் பாஷையிலை பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடத்திலை அதைக் கதைச்சால் அடி. அந்தப் பாஷையிலை நாவல் எழுதின ஆக்களும் அப்பிடித்தானாம், அகதியா எங்கையாவது போய், தாங்களே எழுத்துக்கூட்டிப் படிச்சு, சுவீடனிலையும் ஜேர்மனியிலையும் அச்சடிச்சவை. பள்ளிக்கூடம் இல்லாத பாஷையிலை மனிசர் எப்பிடி நாவல் எழுதினவை எண்டதுதான் பிறேமியின்ர ஆராய்ச்சி. லைப்ரரியிலை இருந்து செய்யிற ஆராய்ச்சி இல்லை. எழுதின ஆக்களின்ர வீட்டுக் குசினியிலை இருந்து தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சுச் செய்யிறது.

அண்டைக்கு அவள் நோட்ஸ் ஒண்டும் குடுக்கேல்லை. ஒவ்வொருத்தரையும் ஒரு பந்தி சத்தமா வாசிக்கச் சொன்னாள். ஒரு பெட்டை எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கொண்டு போய், நடுவிலை நிப்பாட்டி அழத் தொடங்கிவிட்டுது. என்னெண்டு கேட்டால், தாய் தன்னைச் செல்லமாக் கூப்பிடுற சொல்லை அச்சிலை அண்டைக்குத்தான் முதல் முதலாக் கண்டதாம். நான் அதுக்குப் பிறகு குர்திஷைப் பற்றி நக்கலடிக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்கொண்டன்.

இனித்தான் தெமோ ஐயாவின்ர கதை. அவர் பெர்ஃபினின்ர பெரியப்பா. லண்டனுக்கு வந்து ஒரு உடுப்பு ஃபக்ரறியிலை அயன் பண்ணுற வேலை செய்தவர். நிண்டு நிண்டு அயன் பண்ணிப்போட்டு வந்து, பின்னேரத்திலை குசினி மேசையிலை இருந்து மூண்டு நாவல் எழுதினவர். நாலாவதைத் தொடங்கேக்கை கண் பார்வை போட்டுது. எழுத ஏலாது. அதாலை பிறேமி சனிக்கிழமையிலை போவாள். அவர் சொல்லுவார், இவள் போனிலை பதிவுசெய்து கொண்டுவந்து ரைப் பண்ணுவாள். அடுத்த சனி போய் வாசிச்சுக் காட்டுவாள், அவர் அங்கை வெட்டு இஞ்சை ஒட்டு எண்டு திருத்துவார். இப்பிடி ரெண்டு வருசம் போச்சுது. ரைப் பண்ணின அதிகாரங்களை வகுப்பிலையும் வாசிச்சுக்கொண்டு வந்தவை. பிள்ளையள் ரிவி நாடகம் பாக்கிற மாதிரி, அடுத்தது என்ன, அடுத்தது என்ன எண்டு காத்துக்கொண்டு இருக்குங்கள்.

தெமோ ஐயாவின்ர மனிசி பெஸே அம்மா. பெரிய உடம்பு, வெள்ளைத் தலைத்துணி, சிரிப்புக் குறைவு. பிறேமி வெளிக்கிடேக்கை ஒவ்வொரு தரமும் வாசல் வரைக்கும் வந்து நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு நிப்பா. குர்திஷ்காரர் வெளிக்கிடேக்கை வீட்டுக்காரரிட்டை உத்தரவு கேட்டுத்தான் போவினம். அது அவையளின்ர மரியாதை. இவள் அதையும் கேட்டுப்போட்டு, கடைசியாத் தமிழிலை "போட்டு வாறன்" எண்டும் சொல்லுவாளாம். அது என்ன சொல்லு எண்டு தெமோ ஐயா ஒருக்காக் கேட்டிருக்கிறார். போய் வருவன், திரும்ப வருவன் எண்டு அர்த்தம் எண்டு சொன்னாளாம். மனிசனுக்கு அது சரியாப் பிடிச்சுப்போச்சு. அப்ப நான் என்ன பதில் சொல்லவேணும் எண்டு கேட்டு, கடைசியிலை, சீக்கிரம் திரும்பி வா எண்ட கருத்திலை, "கெதியா வா" எண்டு பாடமாக்கிவிட்டார். கண் தெரியாத மனிசன் கதிரையிலை இருந்தபடி உள்ளுக்கையிருந்து "கெதியா வா!" எண்டு கத்துவாராம். பெஸே அம்மா மட்டும் ஒண்டும் சொல்லமாட்டா, கேட்டுக்கொண்டு நிப்பா.

போன மாரிக்கு அவருக்கு வருத்தம் கடுமையாப் போச்சு. அந்த நேரம் பார்த்து இவள் சுவீடனிலை, பழைய குர்திஷ் புத்தகங்கள் பாக்கப் போயிருக்கிறாள். அவர் ஆஸ்பத்திரியிலை இருந்து போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார், "என்னாலை போனுக்குள்ளை கதை சொல்ல ஏலாது, மூச்சு வாங்குது. கடைசி அதிகாரத்தைப் பெஸேக்குச் சொல்லிப்போட்டன். அவவிட்டை வாங்கு. முடிவில்லாமல் விட்டிடாதை" எண்டு. இவள் ஓமெண்டு வாக்குக் குடுத்தாள். பிளேன் பிடிச்சு வந்து இறங்கேக்கை அவர் கண்ணை மூடிப்போட்டார்.

நான்தான் காரிலை எட்மண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனன். வீடு நிறையச் சனம். வெளி நடை வரைக்கும் கதிரை போட்டுக் கிடக்குது, சின்னக் கிளாசுகளிலை தேத்தண்ணி வந்துகொண்டே இருக்குது. பிறேமி உள்ளுக்குப் போய்ப் பெஸே அம்மாவின்ர கையைப் பிடிச்சு, அவையள் சொல்லுற மாதிரி "உங்கடை தலை சுகமா இருக்கட்டும்" எண்டு குர்திஷிலை சொன்னாள். பேந்து ஒரு மூலையிலை போய் இருந்தாள். அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை. கன நேரம் கழிச்சு எழும்பினாள், தலையைக் குனிஞ்சுகொண்டு, ஒருத்தரையும் திரும்பிப் பாராமல் வெளியிலை வந்திட்டாள். நானும் பின்னாலை வந்தன்.

எனக்கு அதிலை ஒரு பிழையும் தெரியேல்லை. எங்கடை ஆக்கள் செத்தவீட்டாலை அப்பிடித்தானே வெளிக்கிடுறது? சொல்லிக்கொண்டு வெளிக்கிடக்கூடாது. போட்டு வாறன் எண்டால், இன்னொரு செத்தவீட்டுக்கு இஞ்சை வாறன் எண்டு ஆகிப்போகும். சின்னனிலை ஒருக்கா நான் வாய்தவறிச் சொல்லிப்போட்டு அம்மாவிட்டைக் கிள்ளு வாங்கினது இன்னும் துடையிலை நோகுது.

கொஞ்ச நாள் போகவிட்டு, பிறேமி பெஸே அம்மாவுக்குப் போன் எடுத்தாள். எடுக்கேல்லை. திரும்பத் திரும்ப எடுத்தும் இல்லை. பெர்ஃபினிட்டைக் கேக்க, அவள் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னாள், "பெரியம்மா சொல்லமாட்டாவாம்."

"என்னத்தை?"

"கடைசி அதிகாரத்தை. வாயைத் திறவாதவளுக்கு நான் ஏன் வாயைத் திறக்கவேணும் எண்டு கேக்கிறா."

விசயம் என்னெண்டால், அண்டைக்கு இவள் எழும்பினதைக் கண்டிட்டு அந்த மனிசியும் எழும்பி, வழமை மாதிரி வாசலுக்கு வந்து நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டதாம். இவள் அவவைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவ்வளவு சனமும் பாத்துக்கொண்டு இருந்ததாம். உத்தரவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதைக்கூட அவ பொறுத்திருப்பாவாம். "ஒவ்வொரு சனியும் திரும்ப வருவன், திரும்ப வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள், மனிசன் செத்த அண்டைக்கு மட்டும் சொல்லேல்லை. எழுதிறவர் போட்டார், இனி இந்த வீட்டிலை தனக்கு என்ன அலுவல் எண்டு நினைச்சிட்டாள்" எண்டு பெஸே அம்மா சொன்னாவாம். நாப்பதாம் நாள் முடிய ஜேர்மனியிலை இருக்கிற மகனோடை போய் இருக்கப்போறாவாம். வீட்டையும் விடுகினமாம்.

பிறேமி என்ர குசினியிலை இருந்துகொண்டு இதை எனக்குச் சொன்னாள். எனக்குக் கோவம் உச்சியிலை ஏறிச்சுது.

"போய்ச் சொல்லனடி! எங்கடை வழக்கம் அது எண்டு சொல்லன்! இதுக்கென்ன வாயிலை கொழுக்கட்டையோ?"

"ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

"அவையளின்ர பாஷை, அவையளின்ர மரியாதை எல்லாத்தையும் நான் ஊருக்குப் படிப்பிக்கிற ஆள். அவையளின்ர வீட்டிலை ஒரு சா விழுந்தபோது எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை, என்ர கால் மன்னார்க் காலாப் போட்டுது எண்டு எந்த முகத்தோடை சொல்லுறது? சாட்டுச் சொல்லுறாள் எண்டுதான் நினைப்பா. முடிவை வாங்கத்தான் வந்து நிக்கிறாள் எண்டு நினைப்பா. அப்பிடி வாங்கிற முடிவு எனக்கு வேண்டாம்."

"உனக்கு விசர்" எண்டன். வேறை என்ன சொல்ல?

அவள் வழமை மாதிரி காலமை எங்கடை வீட்டிலையிருந்து எலிசபெத் லைன் ரெயினிலை வேலைக்குப் போனாள், பின்னேரம் வந்தாள். வகுப்பிலை பிள்ளையள் கடைசி அதிகாரம் எங்கை மிஸ் எண்டு கேக்க, என்னட்டை இல்லை எண்டு மட்டும் சொன்னாளாம். ரெண்டு வருச வேலை, செத்த மனிசனுக்குக் குடுத்த வாக்கு, எல்லாம் அந்தரத்திலை நிக்குது. வீட்டுக்கு வந்தால் கறியைக் கோப்பையிலை அங்காலை இஞ்சாலை தள்ளிக்கொண்டு இருப்பாள். எனக்குப் பாக்கப் பாக்கப் பத்திக்கொண்டு வரும். அவளிலையும் கோவம், அந்தக் குர்திஷ் மனிசியிலையும் கோவம். உள்ளுக்கை கவலைதான், என்ர கவலை எப்பவும் கோவமாத்தான் வெளியிலை வாறது.

அதுக்குள்ளை எங்கடை வீட்டிலை சா விழுந்துது. என்ர மாமா, எண்டால் என்ர மனிசனின்ர தேப்பன், செபமாலைமுத்து. தொண்ணூறு தாண்டின மனிசன், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழும்பேல்லை. நல்ல சா. மாமி கத்தரின் முன்னறையிலை கதிரையிலை இருக்கிறா, சனம் வந்துபோகுது, பின்னேரத்திலை செபமாலை சொல்லுகினம். குசினியிலை நாங்கள் அடுப்பு மூட்டேல்லை, எங்கடை கோயில் பங்கு ஆக்கள் முறை வைச்சுச் சாப்பாடு கொண்டு வருகினம்.

மூண்டாம் நாள் பின்னேரம் கதவு மணி அடிச்சுது. திறந்தால் பெர்ஃபின். அவளுக்குப் பின்னாலை, வெள்ளைத் தலைத்துணியோடை பெஸே அம்மா!

கையிலை ரெண்டு பெரிய பை. ஒண்டிலை சீனி, மற்றதிலை தேயிலை. இழவு வீட்டுக்குச் சீனியும் தேயிலையும் கொண்டு போறது அவையளின்ர முறையாம். கோவம் இருந்தாலும் சா வீட்டுக்குப் போகாமல் விடேலாது எண்டு சொல்லி, எட்மண்டனிலையிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறா. பிறேமி எழும்பி நிண்டாள். அவ அவளைப் பாக்கேல்லை. நேரை போய் மாமிக்குப் பக்கத்திலை இருந்து, மாமியின்ர கையை எடுத்துத் தன்ர மடியிலை வைச்சுக்கொண்டா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் இல்லை. மாமி தமிழிலை மாமாவைப் பற்றிச் சொல்லுறா, அவ குர்திஷிலை ஏதோ சொல்லுறா. செபமாலை தொடங்கி முடியுமட்டும் கையை விடேல்லை.

முடிஞ்சவுடனை எழும்பினா. தலைத்துணியைச் சரிசெய்தா. அறையின்ர நடுவிலை நிமிந்து நிண்டா. நெஞ்சிலை கையை வைச்சா. அப்பதான் முதல் தரம் பிறேமியை நேருக்கு நேர் பாத்தா. பாத்துக்கொண்டு, அந்த வீடு முழுக்கக் கேக்கத்தக்கதா, வடிவான தமிழிலை சொன்னா:

"போட்டு வாறன்!"

ஐயோ கடவுளே. வீடு அப்பிடியே விறைச்சுப் போச்சு. கோப்பை தூக்கினவை தூக்கினபடி. என்ர மச்சாள் "யேசுவே" எண்டு சிலுவை போட்டா. செபமாலை சொன்ன மனிசி என்ர காதுக்கை குனிஞ்சு, "ஆர் பிள்ளை இது? அடுத்ததா ஆரைக் கொண்டு போக வாறாவாம்?" எண்டு கேக்கிறா. எனக்குச் சிரிப்பும் வருகுது, அழுகையும் வருகுது, மாமியின்ர முகத்தைப் பாக்கப் பயமாயும் இருக்குது. நான் பெஸே அம்மாவின்ர கையைப் பிடிச்சுக் குசினிக்கை இழுத்துக்கொண்டு போனன். பெர்ஃபினும் பிறேமியும் பின்னாலை ஓடி வந்தினம்.

"பெர்ஃபின், நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு" எண்டன். "பிறேமி, நீ வாயை மூடு. நீ சொல்லமாட்டாய், நான் சொல்லுறன்."

பெஸே அம்மா குழம்பிப்போய் நிக்கிறா. ஒரு வீட்டாலை எப்பிடி வெளிக்கிடுறது எண்டு இவளுக்குப் பாடம் படிப்பிச்சிருக்கிறா, அதுவும் இவளின்ர பாஷையிலையே. அதிலை என்ன பிழை?

நான் சொன்னன். "எங்கடை ஆக்கள் செத்தவீட்டிலை மட்டும் இந்தச் சொல்லைச் சொல்லுறேல்லை. ஆரும் சொல்லுறேல்லை. சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுறது மாதிரி. பேசாமல், திரும்பிப் பாராமல் போறதுதான் எங்கடை மரியாதை. வேணுமெண்டால் முன்னறையிலை போய் நிண்டு பாருங்கோ, வந்த சனம் எப்பிடிப் போகுது எண்டு."

பெர்ஃபின் பாதி சொல்லிக்கொண்டு வந்தவள், நிப்பாட்டிப்போட்டுப் பிறேமியைப் பாத்தாள். "அண்டைக்கு எங்கடை வீட்டிலையும் இதுதானோ?"

பிறேமி தலையை ஆட்டினாள்.

"அட விசரி, இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" எண்டு கத்திப்போட்டு, பெர்ஃபின் மிச்சத்தையும் பெரியம்மாவுக்குச் சொன்னாள். குசினி வாசலாலை முன்னறை தெரியுது. அந்த நேரம் பார்த்துப் பங்கு ஆக்கள் நாலைஞ்சு பேர் எழும்பி, ஒரு சொல்லும் சொல்லாமல், தலையைக் குனிஞ்சுகொண்டு வெளியிலை போகினம். பெஸே அம்மா அதைப் பாத்துக்கொண்டு நிண்டா. கடைசி ஆள் போய்க் கதவு சாத்தினாப் பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.

"அப்ப என்ர வீட்டிலை இன்னொரு சா விழக்கூடாது எண்டோ நீ பேசாமல் போனாய்?" எண்டு பிறேமியிட்டைக் கேட்டா. பெர்ஃபின் எனக்குத் தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னாள்.

ஓமெண்டு சொல்லியிருக்கலாம். எங்கடையாள் பொய் சொல்லத் தெரியாத சனியன். "நான் யோசிச்சுச் செய்யேல்லை அம்மா. எங்கடை அம்மா செத்த பிறகு எனக்கு விழுந்த முதல் சா அவர்தான். கால் தானா நடந்துது. உங்களைக் கண்டதுகூட ஞாபகம் இல்லை" எண்டாள். அதைச் சொல்லேக்கைதான் அவள் அழுதாள். அவ்வளவு நாளும் அழாத அழுகை எல்லாம் சேந்து வந்துது.

பெஸே அம்மா எழும்பி, அவளின்ர கன்னத்திலை மெல்லமா ஒரு தட்டுத் தட்டினா. பேந்து அந்தப் பெரிய உடம்போடை சேத்து அணைச்சுக்கொண்டா. எனக்கு இருந்த கோவம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. நான் திரும்பி நிண்டு, கழுவின கோப்பையளைத் திரும்பக் கழுவினன்.

ஆனால் அவவுக்கு இப்ப வேறை பயம் பிடிச்சிட்டுது. "நான் இந்த வீட்டுக்குக் கெட்டது சொல்லிப்போட்டனோ?" எண்டு கேட்டு நெஞ்சைப் பிடிக்கிறா. நான் அவவைத் திரும்ப மாமியிட்டைக் கூட்டிக்கொண்டு போய் விசயத்தைச் சொன்னன். மாமி அவவின்ர கையைத் தேடிப் பிடிச்சா.

"அடுத்தது நான்தானே, வேறை ஆர்? அவ வரட்டும், வந்து பக்கத்திலை இருக்கட்டும்" எண்டா மாமி. "நல்ல சூடான கை."

பெர்ஃபின் இதைச் சொல்ல, பெஸே அம்மா சிரிச்சா. நான் அவவின்ர சிரிப்பைக் கண்டது அண்டைக்குத்தான். பேந்து வெளிக்கிட்டா பாருங்கோ ஒரு வெளிக்கிடல்! வாயிலை விரலை வைச்சுக்கொண்டு, நுனிக்காலிலை, ஆரையும் பாராமல், களவெடுத்த ஆள் மாதிரிக் கதவாலை போறா. மச்சாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. மாமா பாத்திருந்தால் அவரும் சிரிச்சிருப்பார்.

அவையளின்ர நாப்பதாம் நாள் சாப்பாடு முடிஞ்சு, அடுத்த சனிக்கிழமை பிறேமியை வரச் சொன்னா. நான் கார் ஓடிக்கொண்டு போனன். வீடு வெறிச்சோடிக் கிடக்குது. நடையிலை சூட்கேஸ் கட்டி நிக்குது, அடுத்த நாள் ஜேர்மனிக்குப் பிளேன். குசினி மேசையும் மூண்டு கதிரையும்தான் மிச்சம். பெஸே அம்மா தேத்தண்ணி வாத்து வைச்சுப்போட்டு இருந்தா. பிறேமி போனை மேசையிலை வைச்சாள்.

அவ சொல்லத் தொடங்கினா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் அந்த மனிசியின்ர குரல் மாறிப்போச்சு. நிப்பாட்டுற இடம், மூச்சு வாங்கிற இடம், எல்லாம் அவரின்ரை எண்டு பிறேமி பேந்து சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலை அவர் எப்பிடிச் சொன்னாரோ அப்பிடியே வைச்சிருந்திருக்கிறா. ஒரு இடத்திலை ரெண்டு பேரும் சிரிச்சினம். ஒரு இடத்திலை பிறேமி கண்ணை மூடிக்கொண்டாள். முடிவு என்னெண்டு என்னட்டைக் கேக்காதேங்கோ. பிறேமி இங்கிலீஷிலை மொழிபெயர்க்கிறாள், புத்தகம் வரும், வாங்கி வாசியுங்கோ.

முடிய, போனை நிப்பாட்டிப்போட்டு பிறேமி எழும்பிக் கோட்டைப் போட்டாள். பெஸே அம்மா வாசலுக்கு வந்து நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டா. பிறேமி குர்திஷிலை உத்தரவு கேட்டாள். கேட்டுப்போட்டு அப்பிடியே நிக்கிறாள். மற்றச் சொல்லு வாயிலை வரேல்லை. எனக்கு அவளின்ர மனசு தெரியும். நாப்பது நாள் முடிஞ்சுது, இது இனிச் செத்தவீடு இல்லை. ஆனால் நாளைக்கு இந்த வீடே இல்லை. எங்கை வாறன் எண்டு சொல்லுறது?

பெஸே அம்மா ஏதோ சொன்னா. பிறேமி ஏதோ மறுமொழி சொன்னாள். திரும்பவும் அந்த மனிசி கொஞ்சம் ஏச்சு மாதிரிச் சொன்னா. பிறகு காருக்கைதான் பிறேமி எனக்குச் சொன்னாள். "சொல்லு" எண்டாவாம். "நீங்கள் நாளைக்குப் போறியள், நான் எங்கை வாறது?" எண்டு இவள் கேட்டாளாம். "ஏன், ஜேர்மனிக்குப் போற பிளேனிலை ஒரு ஆள்தான் ஏறலாமோ?" எண்டாவாம்.

பிறேமி அழுதுகொண்டு சொன்னாள், "போட்டு வாறன்."

பெஸே அம்மா வீட்டுக்குள்ளை திரும்பி, அவரின்ர கதிரை இருந்த இடத்தைப் பாத்தா. அங்கையிருந்து சத்தம் வரேல்லை. ரெண்டு வருசமாக் கேட்டுக்கொண்டு மட்டும் நிண்ட மனிசி, பிறேமியின்ர பக்கம் திரும்பி, அவரின்ர குரலிலை சொன்னா:

"கெதியா வா."